கழுவி அனுப்பிய வண்டி

ரொசாரியோ சார் அனுப்பினாரா? வாங்க, உள்ளே வாங்க. செருப்பை வாசலில் விட்டாலும் சரி, போட்டுக்கொண்டு வந்தாலும் சரி. ஐந்தாறு மாதம் முன்னால் வந்திருந்தால் காலைக் கழுவாமல் உங்களை இந்தக் கூடத்துக்குள் விட்டிருக்க மாட்டேன். இப்போது அந்தச் சட்டமெல்லாம் இல்லை.

அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்க. சாத்தூரிலிருந்து பஸ்ஸிலா வந்தீங்க, இந்த வெயிலில்? உங்கள் வீட்டுக்காரர் மெல்போர்னில், வண்டி ஜீப்பு. சார் போனில் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் அடிலெய்டில். எங்களுடையது புல்லட். எனக்கு நாற்பத்தெட்டு வயது, நீங்கள் இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பீங்க. தங்கச்சி என்றே சொல்கிறேனே. சத்தம் மட்டும் கொஞ்சம் குறைத்துப் பேசுவோம். என் மாமியார் அந்த அறையில் படுத்திருக்கிறார்கள். இடுப்புதான் போயிற்று, காது அப்படியே இருக்கிறது.

ரொசாரியோ சார் நல்ல மனிதர். தூத்துக்குடியில் அவரைப்போல் பொறுமையான கப்பல் ஏஜென்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது காகிதம். வண்டியைத் தயார் பண்ணுவது வேறு வேலை. அது பாத்திரம் தேய்க்கிற வேலை. சிரிக்காதீங்க, செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்க.

அந்த நாட்டுக்கு அடுத்த நாட்டு மண் ஆகாது. மண், விதை, புல், பூச்சி, இறகு, சாணி, எதுவும் வண்டியில் ஒட்டியிருக்கக்கூடாது. அவர்கள் பயிர் பச்சை கெட்டுவிடும் என்று பயம். நியாயமான பயம்தான். நானும் ஆறு வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்தவள், குறை சொல்லமாட்டேன். முதல் தடவை போனபோது ஏர்போர்ட்டில் என் பெட்டியிலிருந்து கறிவேப்பிலையை எடுத்துக் குப்பையில் போட்ட பெண், போட்டுவிட்டு என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள்.

அத்தை இடுப்பு ஒடிந்து விழுந்தபோதுதான் நான் திரும்பி வந்தேன். முதலில் நான் வருவது, இரண்டு வருஷத்தில் அவரும் வேலையை முடித்துக்கொண்டு வருவது. அப்படித்தான் பேச்சு. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் பிரிந்திருப்பது ஒன்றும் பெரிய காரியமாகத் தெரியவில்லை. இரண்டு வருஷம் நாலாச்சு. நாலு எட்டாச்சு. பொங்கலுக்கு வருவார், சித்திரைக்கு வருவார். வருவார், பதினைந்து நாள் இருப்பார், புல்லட்டை எடுத்துக்கொண்டு கழுகுமலை, எட்டயபுரம் என்று சுற்றுவார், போய்விடுவார். போகிற அன்றைக்கு அத்தையிடம், "வண்டி இங்கதான இருக்கு, நான் வராம எங்கம்மா போயிருவேன்?" என்பார். ஒவ்வொரு தடவையும் இதே வார்த்தை. மாதம் ஒரு தடவை மெக்கானிக் வந்து வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போவான். அந்தச் சத்தம் கேட்டால் அத்தை எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அத்தைக்கு அது ஒரு நம்பிக்கை. எனக்கு இல்லை, அத்தைக்கு.

அதனால்தான் போன ஆடியில் அவர், "உலகு, வண்டிய இங்க கொண்டாந்துரலாம்னு பாக்கேன்" என்று போனில் சொன்னபோது எனக்கு அத்தையை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. அங்கே அடிலெய்டில் பழைய வண்டிக்காரர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடற்கரை ரோட்டில் போவார்கள், தனக்கும் மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். ஆம்பளைக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா? நான் சரி என்றேன்.

அத்தை என்ன சொன்னார்கள் தெரியுமா? "வண்டியும் போயிட்டா அவன் எதுக்கு இங்க வாரான்?" நேரடியாக அப்படியே கேட்டார்கள். என் நாத்தனார் சிவகாமி, திருநெல்வேலியில் இருக்கிறாள், அவளும் போனில் அதையேதான் கேட்டாள். "மதினி, கோட்டி புடிச்சிருக்கா ஒங்களுக்கு? முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள். நான் இரண்டு பேரையும் சத்தம் போட்டேன். ஒரு மனுஷன் வருவதும் வராததும் இரும்பிலா இருக்கிறது?

சரி, கழுவுகிற கதைக்கு வருகிறேன். அதற்குத்தானே வந்தீங்க.

விதிமுறையெல்லாம் அவர் அனுப்பினார். இங்கிலீஷில் ஒரு பெரிய கட்டு. நான் பத்தாவது வரைக்கும் தமிழில் படித்து, மேலே இங்கிலீஷில் படித்தவள். அதனால் இந்த வீட்டுக்கு எந்தப் பாஷையில் எந்த இடி வந்தாலும் நான்தான் படித்துச் சொல்லவேண்டும். படித்து, மந்திரம் என்று அந்த மெக்கானிக், அவனுக்குத் தமிழில் சொன்னேன்.

"மண்ணே இருக்கக்கூடாதா? யக்கா, அண்ணாச்சி வண்டிய ரோட்டுல ஓட்டுனாகளா, ஆகாசத்துல ஓட்டுனாகளா?"

"ரோட்டுலதான்."

"கோயில்பட்டி ரோட்டுலயா?"

"ஆமா."

"அப்ப அம்புட்டுதான்" என்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

அவனைக் குறை சொல்லமுடியாது. கரிசல் மண் எப்படி ஒட்டும் என்று சாத்தூர்க்காரிக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மட்கார்டுக்கு அடியில் வருஷக்கணக்காக அப்பி, காய்ந்து, சிமென்ட் மாதிரி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் அடித்தால் போகாது, கொழகொழவென்று இன்னொரு இடத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் பங்க்கில் வாட்டர் சர்வீஸுக்குக் கொடுத்தேன். பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் கீழே படுத்துப் பார்த்தேன். செயின் கவருக்குள் அப்படியே இருக்கிறது.

பிறகு மந்திரம் வண்டியை அக்கு அக்காகக் கழற்றினான். அவன் கழற்றக் கழற்ற நான் ஒவ்வொன்றாக வாங்கித் தேய்த்தேன். பழைய டூத் பிரஷ், பால் பாட்டில் கழுவுகிற பிரஷ், ஊக்கு, மண்ணெண்ணெய், இவ்வளவுதான் ஆயுதம். டயர் பல்லுக்குள் ஊக்கை விட்டு விட்டு எடுத்தேன். என்னென்னவோ வந்தது. நெருஞ்சி முள், பருத்திக் கொட்டை, வேலிக்கருவை விதை. டூல் பாக்ஸுக்குள் ஒரு குளவிக்கூடு. ஹெட்லைட்டைத் திறந்தால் ஒரு வெட்டுக்கிளி, செத்துக் காய்ந்து, காகிதம் மாதிரி. மந்திரம் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பாவம், இதுவும் ஆஸ்திரேலியா போகணும்னு உள்ள ஏறி உக்காந்திருக்கு" என்றான். உங்கள் ஜீப்பு என்றால் சீட்டுக்கு அடியில் எலி வளைகூட இருக்கும், சொல்லிவிட்டேன். கார்பெட்டையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்க. பிரேக் கட்டையும் பழசாக இருந்தால் மாற்றணும், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தாலும் விடமாட்டார்கள்.

கழுவிப் பூட்டி முடித்ததைத் திரும்பக் கொட்டகையில் வைக்கமுடியுமா? அன்றைக்கே தூசி படிந்துவிடும். இதோ, இந்தக் கூடத்தில்தான் நிறுத்தினோம். கீழே தார்பாய், மேலே பிளாஸ்டிக் உறை. யாரும் செருப்போடு வரக்கூடாது, தலை சீவக்கூடாது, முருங்கைக்கீரை ஆயக்கூடாது. சிவகாமி ஒருநாள் வந்தாள், கையில் பூச்செடி வைத்திருந்தாள் என்று அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசி அனுப்பினேன். "எங்கண்ணன் தாலி கட்டிக் கூட்டியாந்தப்பகூட ஒங்களுக்கு இம்புட்டு மரியாதை இல்ல மதினி" என்றாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி.

அத்தை கட்டிலில் படுத்தபடியே வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு நாள் ஆகும், முதலிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்க. நான் சாப்பிடாமல் போய்விட்டேன். கவுன்டரில் இருந்த அம்மா தங்கமானவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வண்டி போயிட்டு வரப் போகுதா, இல்ல போறதேதானாம்மா?" என்றார். எனக்குப் புரியவில்லை. போயிட்டுத் திரும்பி வருகிற வண்டி என்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறதாம், பதிவு இங்கேயே இருக்கும். அங்கேயே தங்கிவிடுகிற வண்டி என்றால் இங்கே பதிவை ரத்து பண்ணணும். "எதுன்னு வீட்டுக்காரர்ட்ட கேட்டுச் சொல்லிருங்க. ரத்து பண்ணிட்டா அப்புறம் அது நம்ம ஊரு வண்டி கிடையாது, பாத்துக்கோங்க" என்றார்.

வெளியே வந்து டீக்கடை ஓரம் நின்று போன் போட்டேன்.

"வண்டி போயிட்டு வருமா, வராதான்னு கேக்காங்க."

பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். ஆபீஸில் இருந்தார் போல. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வந்தார், அது தெரிந்தது.

"வராதுன்னு சொல்லிரு உலகு."

"வராதா?"

"அங்கயும் இங்கயும் எதுக்கு அலைய விடணும்? இங்கயே இருந்துட்டுப் போகட்டும்."

"சரி" என்றேன். திரும்பிப் போய், "வராதாம்" என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். நான்தான் சொன்னேனே, காலையில் சாப்பிடாமல் போனது. வெயில் வேறு. நீங்கள் ஒரு வாழைப்பழமாவது பையில் வைத்துக்கொள்ளுங்க.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "என்ன கேட்டாக?" என்றார்கள். "ஒண்ணுமில்ல அத்தை, வேலை முடிஞ்சிட்டு" என்றேன். பொய் இல்லையே அது.

வண்டி கிளம்புகிற அன்றைக்குக் குட்டியானை லோடு வண்டி வந்து வாசலில் நின்றது. மந்திரம் பலகை போட்டு வைத்திருந்தான். ஏற்றவேண்டியதுதான் பாக்கி. அத்தை வாக்கரை ஊன்றிக்கொண்டு நடை வரைக்கும் வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு வண்டி சும்மா கிளம்பியதில்லை. டவுனில் வாங்கிய சைக்கிள் ஆனாலும் சரி, அடிலெய்டில் வாங்கிய கார் ஆனாலும் சரி. அந்தக் காருக்கு இவரேதான் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலி மேல் எட்டிப் பார்த்து, "நல்ல பழத்த ஏன்யா நசுக்குத? ஜூஸ் போட மிஷின் இல்லயா?" என்று கேட்டார். அவ்வளவு பழக்கம் அது.

கைதான் செய்தது, தங்கச்சி. சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், ஹாண்டில்பாருக்குக் கதம்பம் சுற்றினேன். அத்தை அட்சதை போட்டார்கள். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று பழம் வைத்தேன். நல்ல சாறுள்ள பழம். மந்திரம் தள்ளினான், நசுங்கிற்று, ஏற்றினோம். பூவை மட்டும் தூத்துக்குடியில் எடுத்துவிட்டுத் துடைத்துத்தான் பெட்டியில் அடைத்தார்களாம். ரொசாரியோ சார் சொன்னார்.

இப்படிப் பார்க்காதீங்க. நீங்களும் அதையேதான் கேட்கப் போறீங்க, தெரியும். தெரிந்தே செய்தாயா என்று. ஊரே கேட்டாச்சு. சிவகாமி இருக்கிறாளே, "என் பூச்செடியவே உள்ள விடல, ஒங்களுக்கா மறந்துச்சு மதினி?" என்று கேட்டுவிட்டு, எதற்கென்று தெரியவில்லை, என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மறந்துவிட்டது என்றால் மறந்துவிட்டது. வண்டி கழுவுவது ஒரு வேலை, வழியனுப்புவது ஒரு வேலை. இரண்டையும் நான் ஒன்றாக நினைத்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

கப்பல் போய்ச் சேர்ந்து, அங்கே பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். சீட்டு ஸ்பிரிங்கில் அரிசி. முன் டயர்ப் பல்லுக்குள் எலுமிச்சை விதைகள். ஒரு விதை முளை விட்டிருந்ததாம். அந்த இருட்டுக்குள், கடலுக்கு நடுவில்.

அவர் போன் பண்ணினார். நான் அப்போதுதான் உலையில் அரிசி போட எழுந்தேன்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க உலகு?"

"என்ன?"

சொன்னார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். அதிகாரி மூன்று வழி சொல்கிறாராம். அவர்கள் ஆளை வைத்து, அவர்கள் கண் முன்னால் திரும்பக் கழுவவேண்டும். இல்லையென்றால் வந்த வழியே திருப்பி அனுப்பவேண்டும். இரண்டும் இல்லையென்றால் அழித்துவிடுவார்கள். சொல்லிவிட்டு, குரல் இறங்கி, "நீ என்ன சொல்லுத?" என்றார்.

இந்த வண்டி விஷயத்தில் அவர் என்னைக் கேட்டது அது ஒன்றுதான்.

"நான் என்ன சொல்ல?"

"திருப்பி அனுப்பணும்னுதான இப்படிப் பண்ணுன? சொல்லு. அனுப்பச் சொன்னா அனுப்பிருதேன்."

கூடத்தில் வண்டி நின்ற இடத்தை நான் அதுவரைக்கும் காலியாகவே போட்டிருந்தேன். தார்பாயைக்கூட மடிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அலுப்பாக இருந்தது, தங்கச்சி. திரும்பி வரும். வந்தால் இங்கே பதிவு இல்லை. அதற்கு அலையவேண்டும். மந்திரம் மாதம் ஒரு தடவை உதைப்பான். அத்தை எழுந்து உட்காருவார்கள். பொங்கலுக்கு வருவார், சித்திரைக்கு வருவார்.

"வேண்டாம். கழுவி நீங்களே வெச்சுக்கிடுங்க" என்றேன்.

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"ஆமா. வண்டியும் அங்கயே இருக்கட்டும், நீங்களும் அங்கயே இருங்க. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன். ஆனா அத்தைக்கிட்ட நீங்கதான் சொல்லணும். இனிமே நான் சொல்லமாட்டேன். ஒங்களுக்காகச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கி."

"இப்பயா?"

"இப்பதான்."

"அம்மா தூங்கிட்டு இருப்பால்லா?"

"காலைல பதினோரு மணிக்கா?"

"எப்படி உலகு சொல்ல?" என்றார்.

"எனக்கு எப்படிச் சொன்னீங்களோ, அப்படி."

போனை அத்தை கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டேன். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் திறந்துவிட்டேன். குடம் நிரம்பி வழிந்தது, அப்படியே நின்றேன். பெற்ற தாய், இந்த வயதில் எப்படித் தாங்குவார்கள் என்றுதான் யோசனை. அவர்களுக்காகத்தானே இத்தனை வருஷம் அந்தப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தேன்.

வாக்கர் சத்தம் டக் டக்கென்று வந்து அடுக்களை வாசலில் நின்றது. போனைத் தட்டில் வைப்பது மாதிரி மெதுவாக மேடையில் வைத்தார்கள்.

"சொல்லிட்டான்."

நான் குழாயை மூடினேன்.

"இத ஒரு வார்த்தை சொல்ல இம்புட்டு வருசமா அவனுக்கு? முன்னாலயே சொல்லியிருந்தா அந்தக் கொட்டகைல ரெண்டு வெள்ளாட்டக் கட்டியிருக்கலாம்லா."

அப்படியே இதே வார்த்தை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பிறகு என்ன சொன்னார்கள் தெரியுமா? "நீ நம்பிக்கிட்டு இருக்கியேன்னுதான் நானும் வண்டி வண்டின்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்." கேட்டீங்களா? நான் நம்பினேனாம்! நான்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. வயதானால் யார் நம்பினார்கள், யார் நம்பவில்லை என்பதுகூடக் குழம்பிவிடுகிறது போல.

"காலைல ஏதும் சாப்பிட்டியா?" என்றார்கள்.

"இல்ல அத்தை."

"தள்ளு."

இடுப்பு ஒடிந்ததிலிருந்து அடுப்புப் பக்கமே வராதவர்கள். ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் ரவையைக் கிண்டினார்கள். என்னைக் கிட்டே விடவில்லை. எனக்கு ஒரு தட்டு, அவர்களுக்கு ஒரு தட்டு. அந்தத் தார்பாய் மேலேயே உட்காரச் சொன்னார்கள், அவர்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

வாயில் வைத்தால் உப்பே இல்லை. போடவே இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் ஒரு வாய் எடுத்து வைத்தார்கள், கொஞ்சம் நிறுத்தினார்கள், பிறகு அவர்களும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். இரண்டு பேரும் தட்டைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்தோம்.